நடக்கவும் படிக்கவும் ஒரு சின்னப் பாட்டுப்பெட்டி: எதைப் பார்த்து வாங்குவது?



இந்த முறை இலக்கணக் குறிப்பும் இல்லை, மாதிரிக் கட்டுரையும் இல்லை. பாட்டு கேட்கும் கருவியைப் பற்றி எழுதப்போகிறேன். தமிழாசிரியருக்கு இது எதற்கு என்று கேட்கிறீங்களா? காரணம் இருக்கு.

சில வாரங்களுக்கு முன் உயர்நிலை 4 மாணவி ஒருவர் வகுப்பு முடிந்ததும் என் மேசைக்கு வந்தார். "டீச்சர், கேட்டல் கருத்தறிதலுக்குப் பயிற்சி பண்ணணும்னுதான் ஃபோனை எடுக்கிறேன். பத்து நிமிஷம் கழிச்சுப் பார்த்தா வேற ஏதோ வீடியோ ஓடிக்கிட்டு இருக்கு. வெறும் ஒலி மட்டும் வர்ற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் என் கதையும் அதேதான். சர்க்கரை அளவு கொஞ்சம் ஏறியிருக்கு, தினம் முக்கால் மணி நேரமாவது நடங்க என்று மருத்துவர் சொன்னதிலிருந்து மாலையில் பூங்கா இணைப்புப் பாதையில் நடக்கிறேன். கையில் திறன்பேசி, காதில் பாட்டு. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் பெற்றோர் குழுவிலிருந்து ஒரு செய்தி வரும். பதில் எழுத நிற்பேன். நின்றால் நடை போச்சு. இப்படி ஒரு மாதம் போன பிறகுதான் ஒரு சின்ன எம்பி3 பிளேயர் வாங்கினேன். அவசரத்தில் வாங்கியதால் இரண்டு தவறுகளும் செய்தேன். அவற்றைக் கீழே சொல்கிறேன். நீங்கள் செய்ய வேண்டாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திறன்பேசியில் பாட்டைப் போட்டுவிட்டு அதைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க உங்களால் முடியும் என்றால் தனிக் கருவி உங்களுக்குத் தேவையே இல்லை. ஒலித் தரத்திலும் பெரிய வேறுபாடு தெரியாது. இந்தச் சின்னப் பெட்டியின் முதல் பலமே அதனால் செய்ய முடியாதவைதான். செய்தி வராது, படம் ஓடாது, யாரும் கூப்பிட முடியாது. அந்தக் காரணத்துக்காக வாங்குகிறவர்கள், ஆண்ட்ராய்டு ஓடும் விலையுயர்ந்த பிளேயர்களைத் தவிர்ப்பது நல்லது. சோனியின் வாக்மன் வரிசையிலேயே அப்படிப்பட்டவை இருக்கின்றன. ஒலி அருமையாக இருக்கும். ஆனால் செயலிக் கடையும் இணையமும் உள்ளே இருப்பதால், விட்டு வந்த பேய் வேறு வாசல் வழியாக வீட்டுக்குள் வந்துவிடும்.

கடைக்குப் போகும் முன்

எங்கே கேட்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நடைக்கும் ஓட்டத்துக்கும் வேண்டியது ஒன்று, விரைவுரயிலில் வேண்டியது இன்னொன்று, படிக்கும் மேசையில் வேண்டியது வேறொன்று. எல்லாவற்றையும் ஒரே கருவியில் தேடினால் விலை ஏறும், பயன் ஏறாது.

ஓடும்போது திரையை யாரும் பார்ப்பதில்லை. விரலால் தடவியே கண்டுபிடிக்கக்கூடிய பொத்தான்கள் வேண்டும். தொடுதிரை இதற்கு ஒத்துவராது. வியர்த்த விரலுக்கு அது சொன்ன பேச்சைக் கேட்காது. சட்டையில் மாட்டும் கிளிப் இருந்தால் நல்லது. பையில் போட்டால் ஒவ்வோர் அடிக்கும் குதிக்கும். ஆப்பிளின் ஐபாட் ஷஃபிளும் சான்டிஸ்க்கின் கிளிப் வரிசையும் ஓடுகிறவர்களிடம் பேர் வாங்கியதற்கு இந்தக் கிளிப்பும் எடைக்குறைவும்தான் காரணம். ஐபாட் இப்போது கடையில் புதிதாகக் கிடைக்காது. 2001இல் தொடங்கிய அந்த வரிசையை 2022 மே மாதம் ஆப்பிள் நிறுத்திவிட்டது. வீட்டு இழுப்பறையில் பழைய ஒன்று கிடந்தால் மின்னூட்டிப் பாருங்கள், ஓடினால் லாபம். பழையதைக் காசு கொடுத்து வாங்குவதைப் பற்றி மட்டும் யோசியுங்கள். மின்கலம் வயதாகியிருக்கும். பாட்டு ஏற்றுவதற்கும் கணினியில் தனி மென்பொருள் வேண்டும். கோப்பை இழுத்துப் போட்டால் ஓடாது.

நம் ஊருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு என்பதை மாணவர்கள் பலர் அறிவதில்லை. சிம் வோங் ஹூ 1981இல் இங்கே தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், ஐபாட் வருவதற்கு ஓராண்டு முன்பே, 2000இல், நோமாட் ஜூக்பாக்ஸ் என்ற பிளேயரை வெளியிட்டது. குறுந்தட்டு பிளேயர் அளவுக்குப் பெரியது, உள்ளே வன்தட்டு. பாட்டுகளைப் பட்டியலிட்டுத் தேடும் முறைக்கு வாங்கியிருந்த காப்புரிமையை வைத்து கிரியேட்டிவ் வழக்கு தொடுத்தது. 2006இல் ஆப்பிள் 10 கோடி அமெரிக்க டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. வாய்மொழித் தேர்வில் உள்ளூர்க் கண்டுபிடிப்புகளைப் பற்றிப் பேச்சு வந்தால் உதவும், நினைவில் வைத்துக்கொள்ளுங்க.

சரி, கருவிக்கு வருவோம்.

நினைவகத்தைப் பற்றிக் கடைக்காரர் பெரிதாகப் பேசுவார். கணக்கு எளிது. 128 கிலோபிட் தர எம்பி3 கோப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 மெகாபைட். 320 கிலோபிட் தரத்தில் 4 நிமிடப் பாட்டு 10 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் 16 ஜிகாபைட்டில் உயர்தரத்திலேயே ஏறத்தாழ 1,600 பாட்டுகள் நிற்கும். நடக்கும் 45 நிமிடத்துக்கு 1,600 பாட்டுகள் என்னத்துக்கு? 8 ஜிகாபைட்டே பலருக்குத் தாராளம். ஃபிளாக் என்ற இழப்பில்லா வகைக் கோப்புகளை அமைதியான அறையில் நல்ல இயர்போனில் கேட்பவர்களுக்குத்தான் அதிக இடம் தேவைப்படும். ஓடும் காற்றிலும் ரயில் சத்தத்திலும் அந்த நயம் காதுக்கு எட்டாது.

மெமரி கார்டு போடும் வசதி இருந்தால் எந்த அளவு வரை ஏற்கும் என்று கேளுங்கள். சின்னக் கருவிகள் பல 32 ஜிகாபைட்டோடு நின்றுவிடும். 64க்கு மேற்பட்ட அட்டைகள் வேறு வகைக் கோப்பு அமைப்போடு வருவதால், கருவி அட்டையே இல்லை என்று சாதிக்கும். அட்டையை நம்பகமான கடையில் வாங்குங்கள். மேலே பெரிய எண் அச்சிட்டு உள்ளே சின்னக் கொள்ளளவு வைத்த போலிகள் உலகம் முழுக்க விற்கின்றன. பாட்டு ஏற்றும்போது எல்லாம் சரியாகத் தெரியும். பாதிக்கு மேல் ஓடாது.

நான் செய்த இரண்டு தவறுகள்

முதல் தவறு, கோப்பு வகையைப் பார்க்காதது. மாணவர்களுக்குப் பத்திகளை வாசித்து வாட்ஸ்அப்பில் குரல்செய்தியாக அனுப்பும் பழக்கம் எனக்கு உண்டு. உங்களில் பலருக்கும் இருக்கும். அவற்றைப் பிளேயரில் ஏற்றினேன். ஒன்றுகூட ஓடவில்லை. கருவி பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போகவே கிளம்பிவிட்டேன். கருவிமேல் குற்றமில்லை. வாட்ஸ்அப் குரல்செய்தி ஓபஸ் என்ற வகையில் சேமிக்கப்படுகிறது. ஐஃபோனில் பதிவு செய்தால் எம்4ஏ வகை. மலிவான பிளேயர்கள் பல எம்பி3, டபிள்யூஎம்ஏ, வேவ் ஆகியவற்றோடு நின்றுவிடும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து எம்பி3 ஆக ஏற்றுமதி செய்தால் தீர்ந்தது. பேச்சுக்கு 64 கிலோபிட், ஒற்றை ஒலித்தடம் போதும். 3 நிமிடப் பத்தி ஒன்றரை மெகாபைட்தான் வரும். ஆசிரியர்களே, பயிற்சிக் கோப்பை முதலிலேயே எம்பி3 ஆகக் கொடுத்துவிட்டால் எந்தக் கருவி வைத்திருக்கும் பிள்ளைக்கும் அது ஓடும்.

இதோடு சேர்ந்த இன்னொரு ஏமாற்றம் உண்டு. ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் "பதிவிறக்கம்" செய்த பாட்டைப் பிளேயருக்கு மாற்ற முடியாது. அது அந்தச் செயலிக்குள் மட்டும் திறக்கும் பூட்டிய கோப்பு. சந்தா நின்றால் அதுவும் போய்விடும். பிளேயருக்கு வேண்டியது உங்களுக்கே சொந்தமான கோப்பு: வீட்டில் இருக்கும் குறுந்தட்டிலிருந்து எடுத்தது, காசு கொடுத்து வாங்கியது, நீங்களே பதிவு செய்தது. ஐடியூன்ஸ் கடையில் வாங்கும் பாட்டுகளுக்கு 2009 முதல் பூட்டு இல்லை. ஆனால் அவை ஏஏசி வகை என்பதால் கருவி அதைப் படிக்குமா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் யோசிக்காமல் கருவியை வாங்கிவிட்டு, 'இதில் போட என்னிடம் பாட்டே இல்லையே' என்று விழிப்பவர்கள் நிறைய பேர்.

இரண்டாவது தவறு தமிழ் எழுத்து. கோப்புகளுக்கெல்லாம் அழகாகத் தமிழில் பெயர் வைத்து ஏற்றினேன். திரையில் வரிசையாகக் கட்டம் கட்டமாக வந்தது. வேறு சில கருவிகளில் எழுத்து வரும்; ஆனால் 'கொ' என்பது கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். பெட்டியின் மேலே "பல மொழிகள்" என்று எழுதியிருப்பதை நம்பாதீங்க. கடையிலேயே ஒரு தமிழ்ப் பெயர்க் கோப்பைப் போட்டுப் பாருங்கள். எனக்கு வேறு வழியில்லாமல் ரோமன் எழுத்தில் பெயர் மாற்றினேன். அப்போது எண்களை 01, 02, 03 என்று இரண்டு இலக்கத்தில் தொடங்குங்கள். 1, 2, 3 என்று வைத்தால் பல கருவிகளில் ஒன்றுக்கு அடுத்து பத்து வரும்.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு

மாணவர்களே, பாட்டுக்காக மட்டும் வாங்குகிறவர் கவனிக்காத மூன்று வசதிகள் உங்களுக்கு முக்கியம்.

ஒன்று, ஏ-பி மறுஒலி. ஒரு வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை அழுத்தினால் அந்தப் பகுதி மட்டும் திரும்பத் திரும்ப வரும். செய்தி அறிக்கையில் ஓர் ஊர்ப் பெயரோ எண்ணோ பிடிபடவில்லை என்றால் இதைவிட நல்ல ஆசான் கிடையாது. வாய்மொழிக்கும் இது உதவும். நல்ல பேச்சுத்தமிழ் உரையாடல் ஒன்றில் ஒரே வாக்கியத்தை ஐந்து தடவை கேட்டு, கூடவே சொல்லிப் பாருங்க. 'போயிட்டு வந்தேன்' என்பது எங்கே இழுபடுகிறது, எங்கே சுருங்குகிறது என்று நாக்கே கற்றுக்கொள்ளும்.

இரண்டாவது, விட்ட இடத்திலிருந்து தொடர்வது. 40 நிமிடச் சொற்பொழிவை நடுவில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடும்போது சில கருவிகள் மறுபடி தொடக்கத்துக்கே போய்விடும். பாட்டுக்கு இது குறையே அல்ல. பேச்சுக்குப் பெரிய எரிச்சல்.

மூன்றாவது, பண்பலை வானொலி. இருந்தால் ஒலி 96.8 செய்தியை நேரடியாகக் கேட்கலாம். அதில் ஒரு சூட்சுமம்: இயர்போன் கம்பிதான் வானொலிக்கு அலைவாங்கி. கம்பியில்லா இயர்போன் மாட்டினால் பெரும்பாலான கருவிகளில் வானொலி வேலை செய்யாது. செய்தியைத் திரும்பப் போட்டுக் கேட்க முடியாது என்பதையே நான் நன்மையாகப் பார்க்கிறேன். தேர்விலும் உங்களுக்குப் பிடித்த அளவு திருப்பிப் போட மாட்டார்கள்.

ஒலிவேகத்தை மாற்றும் வசதியும் சிலவற்றில் உண்டு. மெதுவாக்கிக் கேட்பதை நான் ஊக்குவிப்பதில்லை. இயல்பான வேகத்துக்குக் காது பழகாமல் போய்விடும்.

காது

இனி விஷயத்துக்கு வருகிறேன். கருவியை மாற்றலாம், இயர்போனை மாற்றலாம். காதை மாற்ற முடியாது.

என்னிடம் கேட்ட அந்த மாணவி தினமும் போக வர ரயிலில் ஒன்றரை மணி நேரம் பாட்டு கேட்பவர். ஒருநாள் அவர் இயர்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஒரு கை தூரத்திலிருந்த எனக்குப் பாட்டின் வரிகளே கேட்டன. "ரயில் சத்தத்துல கேக்கலை டீச்சர், அதான் ஏத்தி வச்சிருக்கேன்" என்றார். அந்த வாரம் வகுப்பில் கேட்டல் பயிற்சி. "சத்தம் கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு சரியாப் பிடிபடலை" என்று இரண்டு முறை சொன்னார். அவருக்குச் செவித்திறன் குறைந்துவிட்டது என்று நான் சொல்ல முடியாது. கவனக் குறைவாகவும் இருக்கலாம். பெற்றோரிடம் சொல்லிப் பரிசோதிக்க வைத்தோம். நல்ல வேளை, முடிவு இயல்பாகவே வந்தது. ஆனால் அந்த வாக்கியம் என் மனத்தை விட்டுப் போகவில்லை. அதிகச் சத்தத்தால் காது கெடும்போது ஆட்கள் முதலில் சொல்வது கிட்டத்தட்ட அதுதான்.

ஏன் அப்படி? உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. அளவுக்கு மீறிய சத்தத்தில் அவை களைத்து, பிறகு சாகின்றன. செத்தவை மனிதரிடம் மறுபடி வளர்வதில்லை. சத்தத்தால் வரும் சேதம் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் தொடங்குகிறது. உயிரெழுத்துகளின் பலம் அதற்கு மிகக் கீழே இருக்கிறது. 'ச', 'ஸ', 'ஷ' போன்ற உரசொலிகளும், 'த'வா 'ட'வா 'க'வா என்று பிரித்துக்காட்டும் சின்னச் சின்னக் குறிப்புகளும் மேல் பகுதியில் இருக்கின்றன. ஆகவே உயிர் கேட்கும், மெய் மங்கும். பேச்சு சத்தமாக வரும், சொல் தெளியாது. மொழித் தேர்வு எழுதப் போகிறவருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்க.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019இல் அறிமுகப்படுத்திய தரநிலைப்படி, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம்; பிள்ளைகளுக்கு 75 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். சத்தம் 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறையும். பெரியவருக்கு 83இல் 20 மணி நேரம், 86இல் 10, 89இல் 5. பிள்ளைகளுக்கு 78இல் 20, 81இல் 10, 84இல் 5 மணி நேரம்தான். பயண அட்டையில் இருக்கும் தொகை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சத்தம் ஏற ஏற ஒவ்வொரு பயணத்துக்கும் கட்டணம் இரட்டிப்பாகிறது. அந்த மாணவி வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் ஏழரை மணி நேரம். 84 டெசிபலில் கேட்டால் வெள்ளிக்கிழமை வருவதற்கு முன்பே அட்டை காலி.

சின்னப் பிளேயரில் டெசிபல் காட்டாது. அதற்கு நான் செய்வது இது: வீட்டில் அமைதியான அறையில், இதமாகக் கேட்கும் அளவில் ஒலியை வைத்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்கிறேன். என் கருவியில் அது 30க்கு 11. வெளியே போனால் இரண்டு மூன்று படி ஏற்றலாம். அதற்கு மேல் ஏற்றத் தோன்றினால் குறை ஒலியளவில் இல்லை, இயர்போனில் இருக்கிறது. உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் அமைப்பு உள்ள கருவியை வாங்குங்கள். பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் முதல் நாளே அதை அமைத்துவிடலாம்.

இன்னொரு தொல்லை நம் பாட்டுகளாலேயே வருகிறது. 1960களின் எம்.எஸ்.வி. பாட்டு மெல்லிய ஒலியில் பதிவாகியிருக்கும். இன்றைய அனிருத் பாட்டு உச்சத்தில் இருக்கும். பழையதைக் கேட்க ஒலியை ஏற்றுவோம். அடுத்து புதியது காதில் அறையும். எம்பி3கெய்ன் என்ற இலவச மென்பொருள் எல்லாக் கோப்புகளின் ஒலியளவையும் தரம் குறையாமல் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். அரை மணி நேர வேலை, ஒரு தடவை செய்தால் போதும்.

இயர்போன் தேர்வு இடத்தைப் பொறுத்தது. ரயிலுக்குக் காதுத் துளையை அடைக்கும் சிலிக்கன் முனை உள்ளவை ஏற்றவை. வெளிச் சத்தம் குறைவதால் பாட்டைக் குறைவாக வைத்தே கேட்கலாம். இரைச்சல் நீக்கும் இயர்போன்களும் ரயிலின் சீரான உறுமலைத்தான் நன்றாகக் குறைக்கும், பக்கத்தில் பேசுகிறவர் குரலை அவ்வளவாகக் குறைக்காது. வெளியே நடக்கும்போது இதே முனை ஆபத்து. பின்னால் வரும் சைக்கிளின் மணியும் மின்ஸ்கூட்டரும் கேட்காது. அங்கே காதை அடைக்காத திறந்த வகையோ, கன்ன எலும்பு வழியாக ஒலி தரும் வகையோ நல்லது. ஒரு காதில் மட்டும் மாட்டுவதும் சரிதான். ஆனால் ஸ்டீரியோ பாட்டில் பாதி வாத்தியம் மற்றக் காதுக்குப் போய்விடும். கருவியில் மோனோ அமைப்பு இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

கம்பியா, கம்பியில்லாததா? கம்பி சட்டைக்கு உள்ளே போய்விட்டால் தொல்லையில்லை என்பது என் அனுபவம். புளூடூத் வேண்டுமென்றால் இரண்டு விஷயம். அந்த அலையை நம் உடம்பில் உள்ள நீர் உறிஞ்சிக்கொள்ளும். கருவி இடது இடுப்பில் இருந்து, இணைப்பு வாங்கும் மொட்டு வலது காதில் இருந்தால் பாட்டு விட்டு விட்டு வரும். பக்கத்தை மாற்றினால் சரியாகும். அடுத்தது, இயர்போன் பழைய நண்பனை மறக்காது. பையில் திறன்பேசி இருந்தால் பிளேயரை விட்டுவிட்டு அதோடு போய் ஒட்டிக்கொள்ளும். திறன்பேசியில் புளூடூத்தை அணைத்துவிட்டுக் கிளம்புங்க.

வியர்வையும் ஓட்டமும்

நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்து நிமிடம் ஓடினாலே சட்டை நனைந்துவிடும். வியர்வை உப்பு நீர். மின்னூட்டும் துளையை அரித்துவிடும். பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்றிருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும். ஐபிஎக்ஸ்5 நீர்ப்பாய்ச்சலைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். நடைக்கும் ஓட்டத்துக்கும் 4 அல்லது 5 போதும். ஓடி முடித்ததும் ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகுதான் மின்னூட்டுங்கள்.

நீச்சலுக்கு மட்டும் கதை வேறு. தண்ணீருக்குள் புளூடூத் அலை சில அங்குலத்திலேயே செத்துவிடும். நினைவகம் இயர்போனுக்கு உள்ளேயே இருக்க வேண்டும். சோனியும் ஷாக்ஸும் அப்படி 4 ஜிகாபைட் வகைகளைச் செய்திருக்கின்றன. அவை இல்லாமல் நீந்தும்போது பாட்டு கேட்க நினைக்க வேண்டாம்.

பாட்டு உண்மையிலேயே உடற்பயிற்சிக்கு உதவுமா? பிரிட்டனின் புரூனல் பல்கலைக்கழகத்தில் காஸ்டாஸ் கராஜியோர்கிஸ் இதைப் பல ஆண்டுகள் ஆய்வு செய்திருக்கிறார். மிதமான உழைப்பில் பாட்டு களைப்பை மறக்க வைக்கிறது. மூச்சு வாங்கும் அளவுக்கு உழைப்பு கூடும்போது அந்த மறதி குறைந்துவிடுகிறது. உடம்பின் குரல் பாட்டை அமுக்கிவிடுகிறது. ஆகவே நடைக்குத்தான் பாட்டின் பலன் அதிகம். நிமிடத்துக்கு 100 அடி என்பது மிதமான வேக நடைக்கு நல்ல அளவு. 15 விநாடிக்குப் பாட்டின் தாளத்தை எண்ணி நான்கால் பெருக்குங்கள். 100 முதல் 120 வரை வரும் பாட்டுகளைத் தனிக் கோப்புறையில் போட்டால் கால் தானாக அந்த வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். நம் குத்துப் பாட்டுகள் பல இதைவிட வேகம். அவற்றோடு நடக்கப் போனால் முழங்கால் புகார் கொடுக்கும்.

நாஃபா தேர்வுக்கு 2.4 கிலோமீட்டர் ஓடிப் பழகும் மாணவர்கள் வாரத்தில் ஓர் ஓட்டமாவது பாட்டில்லாமல் ஓடுங்கள். தேர்வு நாளில் வேகத்தைச் சொல்லித் தர உங்கள் மூச்சு மட்டும்தான் இருக்கும்.

மின்கலத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்பி இயர்போனோடு 15 மணி நேரத்துக்கு மேல் ஓடினால் போதுமானது. யுஎஸ்பி-சி துளை இருந்தால் திறன்பேசிக் கம்பியே பயன்படும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள்.

விலை? பொத்தான், கிளிப், வானொலி, ஏ-பி மறுஒலி எல்லாம் உள்ள கருவி நூறு வெள்ளிக்குள் கிடைக்கும். மிச்சப் பணத்தை இயர்போனில் போடுங்கள். நல்ல இயர்போன் மாட்டிய மலிவுப் பிளேயர், மலிவு இயர்போன் மாட்டிய விலையுயர்ந்த பிளேயரைவிட நன்றாகக் கேட்கும்.

அந்த மாணவிக்கு நான் கொடுத்தது ஒரு மெமரி கார்டு. அதில் நான்கு கோப்புகள்: தமிழில் பெயர் வைத்த ஒரு பாட்டு, எம்4ஏ வகைப் பதிவு ஒன்று, 40 நிமிடப் பேச்சு ஒன்று, நான் வாசித்த 3 நிமிடச் செய்தி ஒன்று. கடையில் அட்டையைப் போட்டுப் பார்த்தாராம். முதல் கருவியில் தமிழ்ப் பெயர் கட்டமாக வந்தது. இரண்டாவதில் பேச்சு விட்ட இடத்தில் தொடரவில்லை. மூன்றாவதில் எல்லாம் ஓடியது. கடைக்காரர் முகம் மூன்றாவதற்குள் கொஞ்சம் மாறிவிட்டது என்று சொல்லிச் சிரித்தார். நீங்களும் அதே மாதிரி ஓர் அட்டையைத் தயார் செய்து எடுத்துப் போங்க. உங்கள் இயர்போனையும் மறக்காமல் கொண்டுபோங்க. கடையில் மாட்டி வைத்திருப்பதில் கேட்டுவிட்டு முடிவு செய்யாதீங்க.